லேப் கம்பியூட்டர்களுக்கு உண்மையில் என்ன நடந்தது?



கொஞ்சம் நீளமான பதிவு. வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டம் இருக்கிறது. கம்பியூட்டர் லேப் சம்பந்தமான முடிவு அன்றுதான் எடுக்கப்படும். வருபவர்கள் இதை முழுதாக வாசித்துவிட்டு வந்தால் அங்கே பாதி வாக்குவாதம் குறையும். லேப்பைப் பார்க்கும் ஆசிரியர்கள் மூன்று பேரும் பேசி ஒரே பதிவாகப் போடுகிறோம்.

விடுமுறை முடிந்து லேப்பைத் திறந்தபோது, இருக்கிற 14 மெஷின்களில் 9 வழமைபோல வரவில்லை. பெயரைத் தெரிவுசெய்து பாஸ்வேர்ட் போட்டு உள்ளே போகிற அந்த வண்ணத் திரைக்குப் பதிலாக, சிலவற்றில் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள். சிலவற்றில் மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. யாரோ அதைப் படமெடுத்து ஊர் வட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார்கள். அன்று மஃரிபுக்குள் மூன்று கதைகள் ஊரைச் சுற்றிவிட்டன.

முதலாவது, லேப்பில் இருந்த கம்பியூட்டர் எல்லாம் செத்துவிட்டன.
இரண்டாவது, விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டதால்தான் இந்த நிலை.
மூன்றாவது, தரம் 10 பிள்ளை ஒருவன் விளையாடி எல்லாவற்றையும் உடைத்துவிட்டான்.

மூன்றாவது கதைதான் இந்தப் பதிவை எழுத வைத்தது. அந்தப் பிள்ளையின் வாப்பாவைச் சந்தியில் நிறுத்தி நட்டஈடு கேட்டிருக்கிறார்கள். பிள்ளை இரண்டு நாள் பாடசாலைக்கு வரவில்லை. ஒரு செய்தி வந்தால் தீர விசாரிக்கச் சொல்லி சூரா ஹுஜுராத்தின் 6ஆம் வசனம் எங்களுக்குக் கட்டளையிடுகிறது. ஜும்ஆவில் பல தடவை கேட்ட வசனம்தான். ஆகவே விசாரித்ததை அப்படியே எழுதுகிறோம்.

முதலில் ஒரு விஷயம் விளங்க வேண்டும். கம்பியூட்டரின் பட்டனை அழுத்தியதும் ஒரே வேலை நடப்பதில்லை. படிப்படியாகப் பல வேலைகள் நடக்கின்றன. எங்கள் பஸாரில் ஒரு கடை திறப்பதை நினைத்துப் பாருங்கள். காலையில் முதலாளி பின்கதவால் உள்ளே வருகிறார். லைட் போடுகிறார். பையன்கள் கூட்டித் துடைக்கிறார்கள். சாமான் அடுக்குகிறார்கள். கணக்குப் புத்தகம் மேசைக்கு வருகிறது. இவ்வளவும் முடிந்த பிறகு கடைசியாகத்தான் முன் கதவு திறக்கிறது. முன் கதவு திறக்கவில்லை என்பதற்காக உள்ளே கடையே இல்லை என்று யாராவது சொல்வார்களா?

லினக்ஸும் அப்படித்தான். முதலில் கேர்னல் என்கிற மூலப் பகுதி எழும்பும். பிறகு சிஸ்டம்டி என்ற நிர்வாகி மற்ற வேலைகளை ஒவ்வொன்றாகத் தொடக்கிவைக்கும். வட்டைப் பார்க்கும், நெட்வேர்க்கை எழுப்பும், பாவனையாளர்கள் உள்ளே வர வழிசெய்யும். இந்தக் கட்டத்திலேயே மெஷின் முழுமையாக வேலை செய்கிறது, ஆனால் எழுத்து மட்டும்தான் தெரியும். இதற்கு மல்டி யூசர் நிலை என்று பெயர். உலகம் முழுக்க இணையத்தை நடத்தும் சேர்வர்களில் பெரும்பாலானவை இந்த நிலையிலேயே வருடக்கணக்காக ஓடுகின்றன. அவற்றுக்கு வண்ணத் திரையே தேவையில்லை. அதற்கு மேலே இன்னொரு படி இருக்கிறது. அதன் பெயர் கிராபிக்கல் நிலை. அந்தப் படியில்தான் லைட்டிஎம் என்ற வேலையாள் வந்து நாங்கள் பார்க்கும் வண்ணத் திரையைத் திறந்துவைக்கிறார். எங்கள் கடையின் முன் கதவு அதுதான்.

9 மெஷின்களில் 8 அந்த முன் கதவு வரைக்கும் வந்து நின்றவை. உண்மையில் செத்தது ஒன்றே ஒன்று.

இதை எப்படிக் கண்டுபிடித்தோம் என்பதையும் சொல்கிறோம். வீட்டில் லினக்ஸ் வைத்திருக்கும் பிள்ளைகளுக்கும் உதவும்.

முதலில் பார்க்க வேண்டியது கரண்ட். லைட் எரிகிறதா, உள்ளே ஃபேன் சுற்றுகிறதா? ஒரு மெஷினில் இரண்டுமே இல்லை. வயரை மாற்றினோம், பிளக்கை மாற்றினோம், அசையவில்லை. வேறு மெஷினில் இருந்து பவர் சப்ளையைக் கழற்றி மாட்டியதும் எழும்பிவிட்டது. அதற்குத் தேவை ஒரு பவர் சப்ளை மட்டும்.

மற்ற எட்டிலும் ஃபேன் சுற்றியது, திரையில் ஏதோ ஒன்று தெரிந்தது. அவற்றில் கொன்ட்ரோல், அல்ட், எஃப் 3 மூன்றையும் ஒன்றாக அழுத்தினோம். எழுத்தில் உள்ளே போகும் வாசல் திறந்தது. லொகின் என்று கேட்டது. பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்ததும் எட்டும் உள்ளே விட்டன. பாஸ்வேர்ட் தட்டும்போது திரையில் புள்ளிகூட விழாது. அது பழுதல்ல, அப்படித்தான் செய்திருக்கிறார்கள்.

உள்ளே போனதும் திருத்த உட்காரவில்லை. பிள்ளைகளின் வேலைகளைத்தான் முதலில் தேடினோம். எல்லாம் இருந்தன. தரம் 10 பிள்ளைகள் வரலாற்றுப் பாடத்துக்காக ஊரின் மூத்தவர்களிடம் போய்ப் பதிவுசெய்த குரல்களும் அதில் இருந்தன. 2004 கடல் வந்த நாளைப் பற்றியும், அதற்கு முந்திய ஊரைப் பற்றியும் அவர்கள் பேசியவை. பேசியவர்களில் இரண்டு பேர் இப்போது மௌத்தாகிவிட்டார்கள். அந்தப் பதிவுகளுக்கு வேறு பிரதி இல்லை. பென் டிரைவை மாட்டி முழுவதையும் பிரதியெடுத்த பிறகுதான் மற்ற வேலை.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் என்றால், படம் குழுவில் வந்த அன்றே ஒருவர் அக்கறையோடு ஒரு கடையில் விசாரித்திருக்கிறார். எல்லாவற்றையும் போர்மட் பண்ணி, காசு கொடுக்காத விண்டோஸ் கொப்பி ஒன்றைப் போட்டுத் தருவதாகச் சொன்னார்களாம். அப்படிச் செய்திருந்தால் திரை அழகாக வந்திருக்கும். அந்த இரண்டு மூத்தவர்களின் குரலும் போயிருக்கும். அடுத்தவர் உழைப்பைக் காசு கொடுக்காமல் எடுத்துப் பாடசாலையில் வைப்பது சரியா என்ற கேள்வியையும் உங்களிடமே விடுகிறோம்.

பிரதியெடுத்த பிறகு இரண்டாவதாகப் பார்த்தது இடம். வட்டில் எவ்வளவு இடம் மீதி என்று கேட்கும் ஒரு சின்னக் கட்டளை இருக்கிறது, டிஎஃப். நான்கு மெஷின்களில் அது 100 சதவீதம் நிரம்பிவிட்டது என்று சொன்னது. வண்ணத் திரையைத் திறப்பதற்கு முன் லைட்டிஎம் சில சின்னக் கோப்புகளை எழுத வேண்டும். எழுத இடமில்லை என்றால் அதனால் தொடங்க முடியாது. எழுத்துத் திரைக்கு அவ்வளவு தேவையில்லை, அதனால்தான் அது மட்டும் வந்தது.

நிரப்பியது யார்? பிள்ளைகளின் வீடியோக்கள் ஒரு பக்கம். மறுபக்கம் டைம்ஷிஃப்ட். லினக்ஸ் மின்ட்டோடு வரும் நல்ல ஏற்பாடு அது. ஏதாவது பிழைத்தால் பழைய நிலைக்குத் திரும்புவதற்காக, சொல்லிவைத்த நேரத்துக்கு சிஸ்டத்தை அப்படியே நகலெடுத்து வைக்கும். வீடியோக்களும் சேர்ந்த 120 ஜிபி வட்டில் அந்த நகல்கள் ஒன்றுக்கு மேல் ஒன்றாகச் சேர்ந்து இடத்தை முடித்துவிட்டன. டைம்ஷிஃப்ட் சாதாரணமாக சிஸ்டத்தின் கோப்புகளை மட்டுமே நகலெடுக்கும், பாவனையாளரின் சொந்தக் கோப்புகளை எடுக்காது. அதனால் பழைய நகல்களை அழித்ததில் பிள்ளைகளின் ஒரு எழுத்தும் போகவில்லை. அழித்துவிட்டுத் திரும்ப எழுப்பினோம். நான்கும் வண்ணத் திரையோடு வந்தன. இந்த நான்கிலும் எந்தப் பிள்ளையின் கையும் இல்லை.

ஒரு மெஷினில் இடம் தாராளமாக இருந்தது. ஆனால் லைட்டிஎம் எழும்பி எழும்பி விழுந்துகொண்டிருந்தது. அதில் என்விடியா கம்பெனியின் பழைய கிராபிக்ஸ் கார்ட் இருக்கிறது. விடுமுறைக்கு முன் வந்த அப்டேட்டில் கேர்னல் புதிதாகிவிட்டது. அந்தக் கம்பெனியின் டிரைவர் ஒவ்வொரு புதிய கேர்னலுக்கும் சேர்த்துக் கட்டப்பட வேண்டும், இதில் அது நடக்கவில்லை. மெஷின் தொடங்கும்போது ஷிஃப்ட் கட்டையை அழுத்திப் பிடித்தால் ஒரு பட்டியல் வரும். அதில் அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ் என்பதற்குள் பழைய கேர்னல் இன்னும் இருக்கிறது. அதைத் தெரிவுசெய்ததும் திரை வந்தது. பிறகு அந்த டிரைவரை எடுத்துவிட்டு, லினக்ஸோடு வரும் இலவச டிரைவருக்கு மாற்றினோம். இப்போது புதிய கேர்னலிலும் ஓடுகிறது. இதிலும் யார் கையும் இல்லை.

மிஞ்சியது மூன்று. ஊர் பேசுவது இந்த மூன்றைப் பற்றி.

இவற்றில் இடமும் இருந்தது, டிரைவரிலும் குறையில்லை. பிழைச் செய்தி ஒன்றைக்கூடக் காணவில்லை. அப்போது ஒரு சோதனை செய்தோம். தானாக வராத திரையைக் கையால் அழைத்தால் வருமா என்று பார்ப்பது. கிராபிக்கல் நிலைக்குப் போ என்று ஒரு கட்டளை கொடுத்தோம். ஒரு நொடியில் திரை வந்துவிட்டது. இது முக்கியமான அடையாளம். கையால் அழைத்தால் வருகிறது, தானாக வருவதில்லை என்றால், திரையிலோ கார்டிலோ பழுது இல்லை. எந்தப் படி வரைக்கும் போக வேண்டும் என்று மெஷினுக்குச் சொல்லிவைத்த உத்தரவில்தான் மாற்றம் இருக்கிறது. அந்த உத்தரவு என்ன என்று மெஷினிடமே கேட்கலாம். கேட்டோம். மல்டி யூசர் என்று பதில் வந்தது. அதாவது எழுத்து நிலையோடு நின்றுகொள் என்று யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள்.

அந்த யாரோ யார் என்று தேட வேண்டி வரவில்லை. மூன்றாம் நாள் இன்டர்வலில் அந்தப் பிள்ளை வந்து கதவடியில் நின்றான்.

"சேர், அந்த மூணு மெஷினும் நான் மாத்தினது. பயத்துல சொல்லல்ல."

ஏன் மாற்றினாய் என்று கேட்டோம். அந்த மூன்றும் 2 ஜிபி ரேம் உள்ளவை. வண்ணத் திரையோடு ஓடும்போது மவுஸை அசைத்தால் சுட்டி பிறகுதான் அசையும். பைத்தன் பழகும் பிள்ளைகள் பாட நேரத்தில் பாதியை அது திறக்கும் வரை காத்திருந்தே கழிப்பார்கள். திரையை நிறுத்திவிட்டால் அந்த நினைவகம் மிஞ்சும் என்று இவன் ஒரு வீடியோவில் பார்த்திருக்கிறான். எழுத்துத் திரையிலேயே பைத்தன் எழுதி ஓட்டிப் பார்த்திருக்கிறான். உடனே ஓடியதாம். அதனால் மூன்றையும் அப்படியே வைத்திருக்கிறான். திரை வேண்டும் என்றால் ஒரு கட்டளையில் வரும்தானே என்று நினைத்திருக்கிறான். அதற்குள் விடுமுறை வந்துவிட்டது.

அவன் சொன்னதில் தொழில்நுட்ப ரீதியாக ஒரு பிழையும் இல்லை. 2 ஜிபி என்பது லினக்ஸ் மின்ட் கேட்கும் ஆகக் குறைந்த அளவு. வசதியாக ஓட 4 ஜிபி வேண்டும் என்று அவர்களே சொல்கிறார்கள். சேர்வர் நடத்துபவர்கள் செய்வதைத்தான் இந்தப் பிள்ளை செய்திருக்கிறான். மற்றவர்களுக்குச் சொல்லாமல் செய்தது தவறு, அதை அவனிடம் சொல்லியிருக்கிறோம். அவன் அதை ஏற்றுக்கொண்டான். மூன்று மெஷின்களின் உத்தரவையும் அவனையே மாற்றச் சொன்னோம். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி தட்டினான். மூன்றுக்கும் சேர்த்து ஐந்து நிமிடம்கூடப் போகவில்லை. ஒரு ரூபா செலவில்லை. ஊரில் நட்டஈடு கேட்ட நட்டம் இவ்வளவுதான்.

இங்கே ஊரோடு மனம்விட்டு ஒன்று பேச வேண்டும். ஒன்பது மெஷின்களில் என்ன நடந்தது என்று லேப்புக்கு வெளியே யாருக்கும் தெரியாதபோதே குற்றவாளி யார் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எப்படி? அவன் இடைவேளையிலும் லேப்பில் இருப்பவன். எதையாவது நோண்டிக்கொண்டிருப்பவன். அது போதுமாக இருந்தது. நாளைக்கு இன்னொரு பிள்ளை ஏதாவது கற்றுக்கொள்ளத் தொட்டுப் பார்க்கும்போது இந்தக் கதை அவன் நினைவுக்கு வரும். தொடமாட்டான். தொட்டாலும் சொல்லமாட்டான். கம்பியூட்டர் பழுதானால் திருத்தலாம். பயத்தில் மறைக்கப் பழகிய பிள்ளையை அவ்வளவு இலேசாகத் திருத்த முடியாது. இந்தப் பிள்ளை தானாக வந்து சொல்லியிருக்காவிட்டால் அந்த மாற்றம் ஏன் செய்யப்பட்டது என்பது எங்களுக்கும் தெரிந்திருக்காது. ரேம் போதவில்லை என்ற உண்மையான பிரச்சினை அப்படியே கிடந்திருக்கும்.

கல்வியியற் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லித்தந்த ஒரு விஷயம் உண்டு. பிள்ளை பிழையான விடை எழுதினால் சிவப்புப் பேனாவை எடுக்க முன், அந்த விடைக்கு அவன் எப்படி வந்தான் என்று கேள். ஒரு பிள்ளையின் பெயரைச் சந்தியில் இழுக்க முன்னும் அந்தக் கேள்வி தேவை.

லினக்ஸ் போட்டதால்தான் என்ற கதைக்கும் பதில் சொல்லிவிடுகிறோம். விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடித்துவிட்டது. எங்கள் மெஷின்கள் விண்டோஸ் 11 கேட்கும் தகுதிகளுக்கு வெளியே நிற்கும் பழையவை. பாதுகாப்பு அப்டேட் இல்லாத மெஷினைப் பிள்ளைகளிடம் கொடுப்பதா, தூக்கி எறிவதா, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸைப் போட்டு இன்னும் சில வருடங்கள் பாவிப்பதா என்ற கேள்வி வந்தது. மூன்றாவதைத் தெரிவுசெய்தோம். திரை வராத பிரச்சினை விண்டோஸிலும் வரும். வட்டு நிரம்பினாலும், டிரைவர் ஒத்துவராவிட்டாலும் அதுவும் தடுமாறும். லினக்ஸில் ஒரு வசதி, திரை வராவிட்டாலும் எழுத்தில் உள்ளே போய், என்ன நடந்தது என்று மெஷினிடமே கேட்கலாம்.

இந்த இலவச மென்பொருள் உலகம் எங்களுக்கு அந்நியமானதும் அல்ல. 2004 சுனாமிக்குப் பிறகு, காணாமல் போனவர்களையும் முகாம்களையும் நிவாரணத்தையும் பதிந்து ஒழுங்குபடுத்த இந்த நாட்டின் மென்பொருள் பொறியியலாளர்கள் சேர்ந்து சஹானா என்ற திறந்த மூல மென்பொருளை உருவாக்கினார்கள். 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2010 ஹெயிட்டி நிலநடுக்கத்திலும் அது பாவிக்கப்பட்டது. அதை எழுதியவர்களும் ஒரு காலத்தில் எதையாவது நோண்டிக்கொண்டிருந்த பிள்ளைகளாகத்தான் இருந்திருப்பார்கள்.

இப்போது லேப்பின் நிலை. 14இல் 13 ஓடுகின்றன. டைம்ஷிஃப்ட் இனி ஒரு நகலுக்கு மேல் வைக்காது. பிள்ளைகளுக்கு ஒரு கணக்கும், சிஸ்டத்தை மாற்றும் உரிமையுள்ள கணக்கு வேறாகவும் பிரித்திருக்கிறோம். என்ன பார்க்க வேண்டும், எந்த ஒழுங்கில் பார்க்க வேண்டும் என்பதைக் கட்டளைகளோடு ஒரு தாளில் அச்சிட்டு லேப் சுவரில் ஒட்டியாயிற்று. கரண்ட், எழுத்து வாசல், பிரதி, இடம், உத்தரவு, லைட்டிஎம் என்ற ஒழுங்கு. அந்தத் தாளைத் தயாரித்தது அந்தப் பிள்ளையும் அவனோடு நான்கு பிள்ளைகளும். இனி சனிக்கிழமைகளில் லேப்பைப் பராமரிப்பது இந்த ஐந்து பேரின் பொறுப்பு. அதிபரும் சம்மதித்துவிட்டார்.

கூட்டத்தில் 14 புதிய மெஷின் வாங்கப் பல இலட்சம் சேர்க்கும் யோசனை வரவிருப்பதாகக் கேள்விப்பட்டோம். நல்ல எண்ணத்தில் வரும் யோசனை. ஆனால் இப்போது தேவை அதுவல்ல. தேவையானது இவ்வளவுதான்:

ஒரு பவர் சப்ளை.

மூன்று மெஷின்களுக்கு ரேம். டிடிஆர் 3 வகை, டெஸ்க்டொப்பில் போடுவது. லெப்டொப்பின் ரேம் நீளம் குறைந்தது, பொருந்தாது. வீட்டில் பாவிக்காத பழைய டெஸ்க்டொப் இருந்தால் உள்ளே இருக்கலாம். கழற்றத் தெரியாவிட்டால் பெட்டியோடு கொண்டுவாருங்கள், பிள்ளைகள் கழற்றிக்கொள்வார்கள்.

பிள்ளைகளின் வேலைகளையும் மூத்தவர்களின் குரல்களையும் பிரதியெடுத்து வைக்க வெளியே மாட்டும் ஹார்ட் டிஸ்க் ஒன்று.

மின்வெட்டில் திடீரென நின்றுவிடாமல் இருக்க, முடிந்தால் ஒரு யுபிஎஸ்.

கடைசியாக, காசு செலவில்லாத ஒன்று. அந்தப் பிள்ளையின் வாப்பாவைப் பள்ளியில் கண்டால் ஸலாம் சொல்லி, உங்கள் மகன்தான் லேப்பைப் பார்த்துக்கொள்கிறாராமே என்று கேளுங்கள். கதையைப் பரப்பிய குழுக்களிலேயே இந்தப் பதிவையும் பகிருங்கள். அந்தப் படம் போன இடமெல்லாம் இதுவும் போகட்டும்.

அல்லாஹ் எங்கள் பிள்ளைகளின் அறிவில் பரக்கத் செய்வானாக.

வஸ்ஸலாம்.